இரண்டு கைகள் போதும்

தொலைக்காட்சியால் விளைவது நன்மையா, தீமையா? இந்தத் தலைப்பில் ஒரு முறையாவது பேசாமல் தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியே வந்தவர்கள் நம்மில் குறைவு. 2015ஆம் ஆண்டு, ஆறாம் வகுப்பில் நானும் பேசினேன். தீமையே என்று வாதிட்ட என் அணிதான் வென்றது. பரிசுக் கோப்பையோடு வீட்டுக்கு ஓடிவந்து தாத்தாவிடம் காட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"கெட்டிக்காரி, ஜெயிச்சிட்ட. சரி, இப்ப வந்து உக்காரு. ராயும் ஜானும் வர்ற நேரமாச்சு" என்றார்.

ராயும் ஜானும் எங்கள் உறவினர்கள் அல்லர். 'எமர்ஜென்சி!' என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 51ஆம் எண் கொண்ட ஒரு கற்பனைத் தீயணைப்பு நிலையம். அதில் தீயணைப்பு வீரர்களாகவும் அவசர மருத்துவ உதவியாளர்களாகவும் பணிபுரியும் இருவர்தாம் ராய் டிசோட்டோவும் ஜான் கேஜும். கெவின் டையும் ராண்டால்ஃப் மேன்டூத்தும் அந்த வேடங்களில் நடித்தார்கள். 1972 ஜனவரியில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய அந்தத் தொடர் 1977 வரை வந்தது. அதன் பிறகும் 1979 வரை சில தனிப்படங்களாக வெளிவந்தது.

நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன தொடர் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது? 2012இல் வேலைப் பயிற்சிக்காகக் கலிபோர்னியா சென்ற என் மாமா, கடையொன்றில் அதன் குறுவட்டுப் பெட்டியைப் பார்த்தாராம். அட்டையில் இருந்த மருந்துப் பெட்டியைக் கண்டதும் தாத்தாவின் நினைவு வந்துவிட்டதாம். மாமாவின் கணிப்பு தப்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாலை ஐந்து மணி என்றால் தேநீர், மரவள்ளிக்கிழங்கு அல்லது பிஸ்கட், ராய், ஜான் என்று ஆகிவிட்டது.

என் தாத்தா சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் டிரெசராக இருந்தவர். இன்றைய நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைச் சற்று விளக்கத்தான் வேண்டும். தோட்ட மருத்துவமனையின் உதவியாளரைத்தான் நம் மக்கள் டிரெசர் என்றார்கள். அவர் டாக்டர் அல்லர். டாக்டர் வாரத்திற்கு ஒரு நாள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் காய்ச்சலுக்கும், உளி வெட்டிய கைக்கும், பூரான் கடிக்கும், பிள்ளையின் வயிற்றுப்போக்குக்கும் டிரெசர்தான் வைத்தியர். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965ஆம் ஆண்டில் நம் நாட்டில் தனிச் சட்டம் உண்டானது. தாத்தா அந்த வேலையில் சேர்ந்ததும் அந்தச் சமயத்தில்தான். அதனால்தானோ என்னவோ, தொடரின் கதையைவிட அதிலுள்ள வேலையைத்தான் அவர் அதிகம் கவனித்தார்.

தொடரில் ராயும் ஜானும் ஒரு பெட்டியைத் திறந்து, அதிலுள்ள தொலைபேசி வழியாக 'ராம்பார்ட்' மருத்துவமனையை அழைப்பார்கள். நோயாளியின் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சொல்வார்கள். இதயத்தின் மின்கோடுகள்கூட அந்தப் பெட்டி வழியாக மருத்துவமனைக்குப் போகும். அங்கே டாக்டர் பிராக்கெட்டோ, டாக்டர் ஏர்லியோ, தாதி டிக்ஸியோ பேச்சைக் கேட்டு, என்ன மருந்து, எவ்வளவு என்று சொல்வார்கள். அநேகமாக 'ரிங்கர்ஸ் லாக்டேட்' ஏற்றச் சொல்வார்கள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் தாத்தா "ரிங்கர்ஸ் லாக்டேட்" என்று முந்திக்கொள்வார். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் பாட்டிக்கும் மனப்பாடம்.

"நானும் இப்படித்தாம்மா. தோட்டத்து ஆபீசுல ஒரே ஒரு டெலிபோன். ராத்திரியில கிராணியார எழுப்பி, கதவத் திறக்கச் சொல்லி, டவுன்ல இருக்கிற டாக்டருக்குப் போன் போடுவேன். நான் கண்ணால பாக்கிறத அவரு காதால பாக்கணும். அப்படிச் சொல்லத் தெரியணும். அதுதான் எங்க வேல" என்பார்.

நான் பள்ளியில் கற்ற எத்தனையோ வாக்கியங்கள் மறந்துவிட்டன. கண்ணால் பார்ப்பதை இன்னொருவர் காதால் பார்க்கும்படி சொல்ல வேண்டும் என்ற அந்த வாக்கியம் மறக்கவில்லை.

இந்தத் தொடரின் பின்னணியைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்கா என்றால் எல்லாம் அன்றே முன்னேறியிருந்தது என்று நாம் நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. 1960களில் அங்கே பல ஊர்களில் ஆம்புலன்ஸ் சேவையை நடத்தியவர்கள் ஈமச்சடங்கு நிலையத்தார். ஒரு மனிதரைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு வேகமாக ஓட்டுவார்கள், அவ்வளவுதான். 1966இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1965ஆம் ஆண்டில் மட்டும் விபத்துகளில் 107,000 பேர் மாண்டார்கள் என்றும், இது கவனிப்பாரற்ற ஒரு நோய் என்றும் அது எச்சரித்தது.

அதே ஆண்டு வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பேன்ட்ரிஜ் என்ற இதய மருத்துவர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியை வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். 1967இல் பிட்ஸ்பர்க் நகரில் 'ஃபிரீடம் ஹவுஸ்' என்ற சேவை தொடங்கியது. வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களுக்கு டாக்டர் பீட்டர் சாஃபர் உயர்தரப் பயிற்சி அளித்தார். எதற்கும் உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அந்நகரில் உயிர் காப்பவர்களாக மாறினார்கள். அந்தச் சேவை 1975இல் நிறுத்தப்பட்டது. அவர்களைப் பற்றி எந்தத் தொடரும் அன்று வரவில்லை.

கலிபோர்னியாவில் சிக்கல் வேறு விதமாக இருந்தது. பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் இருந்தார்கள். ஆனால் தாதியோ மருத்துவரோ உடன் இல்லாமல் ஊசி போட அவர்களுக்கு உரிமை இல்லை. 1970இல் வெட்வொர்த்-டவுன்செண்ட் சட்டம் நிறைவேறி, அப்போதைய ஆளுநர் ரோனால்ட் ரீகன் கையெழுத்திட்ட பிறகே அந்தத் தடை நீங்கியது. 'எமர்ஜென்சி!' தொடரின் முதற்படத்திற்குப் பெயரே அந்தச் சட்டத்தின் பெயர்தான். அதில் டாக்டர் பிராக்கெட் முதலில் சட்டத்தை எதிர்ப்பார். டாக்டர் அல்லாதவன் கையில் மருந்தைக் கொடுப்பதா என்பது அவர் கேள்வி. மீட்புப் பணிக்கு உடன் சென்ற டிக்ஸியே அடிபட்டுவிட, நிலைமை அவர் மனத்தை மாற்றும். கடைசியில் அவரே சட்டத்திற்கு ஆதரவாகச் சாட்சி சொல்வார். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் தாத்தா, "ஆபத்துக்குப் பாவமில்லன்னு நம்ம ஆளுங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க. இவருக்கு இப்பத்தான் புரியுது" என்று சிரிப்பார்.

தொடரைத் தயாரித்த ராபர்ட் சினாடர், மீட்புச் சம்பவங்களை உண்மையான தீயணைப்பு நிலையக் குறிப்பேடுகளிலிருந்து எடுத்தார். ஜேம்ஸ் பேஜ் என்ற தீயணைப்பு அதிகாரி தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார். இரு நாயகர்களும் மருத்துவ உதவியாளர் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். உடன் நடித்த மைக் ஸ்டோக்கர் உண்மையிலேயே தீயணைப்பு வீரர். தொடர் தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் இத்தகைய சேவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களில்தான் இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் தொடரைப் பார்த்த மக்கள், நம் ஊரில் ஏன் இது இல்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துவிட்டே இந்தத் தொழிலுக்கு வந்ததாகச் சொல்லும் உதவியாளர்கள் பலர். 2000ஆம் ஆண்டில் தொடரில் பயன்பட்ட பொருள்கள் சிலவற்றை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது.

தொலைக்காட்சி தீமையே என்று கோப்பை வாங்கிய எனக்கு இது ஒரு நல்ல பதில்தான். ஆனால் நான் சொல்ல வந்தது இதுவன்று.

தாத்தாவிடம் ஒரு கதை உண்டு. 1971ஆம் ஆண்டு, மழைக்காலம். தோட்டத்து டிராக்டர் சரிவில் கவிழ்ந்து ஒரு தொழிலாளியின் தொடை கிழிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஏது? ரப்பர் ஷீட் ஏற்றும் லாரிதான். சாக்குகளை விரித்து அவரைப் படுக்க வைத்து, துணியை வைத்து, அதன் மேல் தன் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்திக்கொண்டு தாத்தா பின்னால் உட்கார்ந்தாராம். செம்மண் சாலையில் ஒரு மணி நேரப் பயணம். "கைய எடுத்தா போயிருவான்னு தெரியும். அதனால எடுக்கல" என்று மட்டும் சொல்வார். அந்த மனிதர் பிழைத்து, பின்னாளில் தம் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க வீட்டுக்கு வந்ததைப் பாட்டி சொல்லித்தான் நான் அறிவேன்.

2019 நவம்பர், பள்ளி விடுமுறை. நான் அப்போது நான்காம் படிவம். அப்பாவும் அம்மாவும் ஈப்போவில் ஒரு திருமணத்திற்குப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் மூவர் மட்டும். மாலை ஐந்து மணி. ராயும் ஜானும் திரையில் இருந்தார்கள். தாத்தாவின் கையிலிருந்த கோப்பை கீழே விழுந்து உடைந்தது. திரும்பிப் பார்த்தேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. கூப்பிட்டேன், பதில் இல்லை. உலுக்கினேன், அசைவில்லை. சில நொடிகளுக்கு ஒரு முறை மட்டும் குறட்டை போல ஒரு சத்தத்துடன் வாய் திறந்து மூடியது.

பாட்டி அலறினார். நான் 999ஐ அழைத்தேன். முகவரியைச் சரியாகச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர், மூச்சு விடுகிறாரா என்று கேட்டார். விடுகிறார் என்றேன். அவர் வேறு ஏதோ கேட்க ஆரம்பித்தார். நான் கைப்பேசியை நாற்காலியில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஆம்புலன்ஸ் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடக் கூடாதே என்பதுதான் என் மனத்தில் இருந்தது. தொடரில் வரும் குடும்பத்தார் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். வாசலில் நின்று கையை ஆட்டுவார்கள். வண்டி வந்து நிற்கும். இருவர் பெட்டிகளோடு குதிப்பார்கள்.

நான் வாசலில் இருபது நிமிடத்திற்கு மேல் நின்றேன். எங்கள் தாமானுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தொலைவுக்கு அது தாமதம் என்று சொல்ல முடியாது. இடையில் பக்கத்து வீட்டு மாமா வந்து தாத்தாவைத் தரையில் படுக்க வைத்தார். நெஞ்சில் தைலம் தேய்த்தார். பாட்டி உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தார். நான் தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டியிலிருந்து இறங்கியவர் ஓர் இளம் மலாய்க்காரர். நம் நாட்டில் ஆம்புலன்ஸில் பெரும்பாலும் வருபவர்கள் உதவி மருத்துவ அதிகாரிகள். முன்பு மருத்துவ உதவியாளர் என்று அழைக்கப்பட்டவர்கள். தாத்தா பார்த்த வேலைக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். அவர் தாத்தாவின் கழுத்தில் இரு விரல்களை வைத்தபடியே, "எப்போது விழுந்தார்? யார் நெஞ்சை அழுத்தினீர்கள்?" என்று மலாயில் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் ஒரு முறை என்னைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. உடனே மண்டியிட்டு அழுத்தத் தொடங்கிவிட்டார்.

தொடரில் வரும் ஆம்புலன்ஸ் குலுங்காது. உண்மை வண்டி குலுங்கும். முன்னிருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். வளைவுகளில் அவரும் உடன் வந்தவரும் ஒருவர் சாயாமல் இருக்க மற்றவர் பிடித்துக்கொண்டார்கள். மாறி மாறி அழுத்தினார்கள். வியர்வை சொட்டியது. தொடரில் ஒருவருக்கும் இப்படி வியர்த்ததில்லை. மருத்துவமனையில் அரை மணி நேரம் கழித்து மருத்துவர் வந்து சொன்னார். தாத்தாவுக்கு அப்போது வயது 77. அந்த உதவி மருத்துவ அதிகாரி போகும் முன் பாட்டியின் அருகே வந்து குனிந்து, "மன்னித்துக்கொள்ளுங்கள், நெனெக்" என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு அழுகையாக வந்தது.

காரியம் முடிந்த பிறகு குறுவட்டுப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். அந்தத் தொடர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். எத்தனை பேரைப் பிழைக்க வைத்தார்கள்! மலையிலிருந்து விழுந்தவர், மின்சாரம் தாக்கியவர், மூழ்கியவர் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். பாட்டி ஒரு நாள் தொடர் பார்க்கும்போது, "ஐயோ, செத்துட்டானா?" என்று கேட்டதற்கு, தாத்தா, "அட, டிவியில அவ்வளவு லேசுல சாக விடமாட்டாங்க" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

தாத்தா சொன்னதற்கு ஆதாரம் உண்டு என்பதைப் பின்னர் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டேன். 1996இல் ஓர் அமெரிக்க மருத்துவ ஏட்டில் வந்த ஆய்வு அது. 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்கியூ 911' ஆகிய மூன்று நிகழ்ச்சிகளில், நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்கும் சி.பி.ஆர். முயற்சி வந்த 60 காட்சிகளை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 75 விழுக்காட்டினர் அந்தக் கணத்தில் பிழைத்தார்கள். 67 விழுக்காட்டினர் வீடு திரும்புவதாகத் தெரிந்தது. உண்மை வாழ்க்கையில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களில் வீடு திரும்புபவர்கள் பல நாடுகளில் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த எண்களைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் என்ன செய்திருந்தாலும் தாத்தா போயிருப்பார் என்று நினைத்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது.

அந்த ஆறுதல் நீண்ட நாள் நிற்கவில்லை. 2023இல், இரண்டாம் ஆண்டில், புறப்பாடப் புள்ளிக்காக முதலுதவி வகுப்பில் சேர்ந்தேன். வேறு வகுப்புகளில் இடம் இல்லாததால் சேர்ந்தேன் என்பதே உண்மை. பயிற்றுநர் ஓய்வுபெற்ற தாதி. முதல் மணி நேரத்திலேயே அவர் சொன்னார்: "ஒருவர் திடீரென விழுகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சு இயல்பாக இல்லை. சில வேளை குறட்டை போல, மீன் வாயைத் திறந்து மூடுவது போல இருக்கும். அது மூச்சன்று. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு அப்படி வரும். அதை மூச்சு என்று நம்பித்தான் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள்."

நான் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டேன். திரும்பி வரச் சற்று நேரமானது.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, நான் அழுத்தியிருந்தால் தாத்தா பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். பிழைத்திருப்பார் என்றும் அவர் சொல்லவில்லை, மாட்டார் என்றும் சொல்லவில்லை. "யாராலும் சொல்ல முடியாது, கண்ணு. இதயம் நின்ற பிறகு யாரும் எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து விழுக்காடு குறைகிறது. அழுத்தினால் அது அவ்வளவு வேகமாகக் குறையாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வா, பொம்மையை இன்னொரு தடவை அழுத்து. உன் முழங்கை மடங்குகிறது" என்றார்.

நான் அழுத்தினேன். மார்பின் நடுவில் ஓர் உள்ளங்கை, அதன் மேல் மற்றொன்று. முழங்கை மடங்காமல், ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழ விட வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அழுத்தினால் போதும். விலா எலும்பு முறியலாம், அதற்காக நிறுத்தக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைக் கெட்டியான தரைக்கு இறக்கிவிட வேண்டும். 999இல் பேசுபவரைத் துண்டிக்காமல், கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அந்த மலாய் இளைஞர் வழியெல்லாம் அழுத்தியது நினைவுக்கு வந்தது.

இந்த முறை அப்படி ஒன்றும் புதியதன்று. 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் நெஞ்சைத் திறக்காமலேயே இதயத்தை இயக்கலாம் என்று எழுதினார்கள். இதற்கு வேண்டியவை இரண்டு கைகள்தாம், எவரும் எங்கும் செய்யலாம் என்பது அவர்கள் முடிவு. ராயும் ஜானும் திரையில் வலம்வந்த அதே 1970களில் சியாட்டல் நகரில் லெனார்ட் காப் என்ற மருத்துவரும் தீயணைப்புத் துறையினரும் பொதுமக்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் வண்டி சில நிமிடம் கழித்துத்தான் வந்து சேரும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் அலமாரியின் மேல்தட்டிலிருந்த பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ராயும் ஜானும் வந்தார்கள். இப்போது வேறொன்று என் கண்ணில் பட்டது. நிலையத்தில் மணி அடிக்கிறது. முகவரி ஒலிபெருக்கியில் வருகிறது. வண்டி சைரனோடு புறப்படுகிறது. ஒரு தெரு வளைவு. அடுத்த காட்சியில் வந்து இறங்குகிறார்கள். அரை நிமிடம்கூட இல்லை. இடையில் உள்ள நேரத்தைக் கத்தரித்துவிடுகிறார்கள். கதைக்கு அது தேவையில்லை. பார்ப்பவர்களுக்குச் சலிக்கும். ஆனால் என் தாத்தா இறந்தது அந்தக் கத்தரித்த நேரத்தில்தான். அந்த நேரத்தில் வீட்டிலிருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் பார்த்த எந்தப் பகுதியும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இதற்காகத் தொடரைக் குறை சொல்ல இப்போது எனக்கு மனமில்லை. டாக்டர் அல்லாதவரும் உயிர் காக்கலாம் என்று ஒரு நாட்டையே அது நம்ப வைத்தது. ஒரு தோட்டத்து டிரெசருக்கு, தான் பார்த்த வேலை எவ்வளவு பெரியது என்று வயதான காலத்தில் காட்டியது. அவரும் எனக்கு வேண்டியதைச் சொல்லித்தான் இருந்தார். கையை எடுத்தால் போய்விடுவான், அதனால் எடுக்கவில்லை என்றார். நான் அதைக் கதையாகக் கேட்டேன். பாடமாகக் கேட்கவில்லை.

அன்று மாலை, தரையில் ஒரு தலையணையை வைத்துப் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். முட்டிவலி இருப்பதால் மண்டியிட முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எப்படியோ உட்கார்ந்து, தலையணையை இருபது முறை அழுத்தினார். பிறகு நிறுத்திவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சற்று நேரம் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது தெரிஞ்சிருந்தா நான் அவரு காலப் போயித் தேச்சிக்கிட்டு இருந்திருக்க மாட்டேனே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் மறுபடியும் அழுத்தத் தொடங்கினார்.

அன்பு நண்பர்களே, நம் பேரவையில் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறோம், நாடகம் போடுகிறோம், கலைவிழாவுக்காக இரவெல்லாம் கண்விழிக்கிறோம். அவற்றோடு ஒரே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க முடியாதா? இரண்டு மணி நேரமும், இரண்டு பொம்மைகளும், செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால் போதும். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் நகரத்திற்குத் தொலைவில், தாமான்களிலும் கம்பங்களிலும், இன்னும் மிச்சமிருக்கும் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அங்கே வண்டி வந்துசேர இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் வீட்டில் இருப்பவரின் கையில்தான் இருக்கிறது. வாசலுக்கு ஓட வேறு யாரையாவது அனுப்புங்கள். நீங்கள் உள்ளேயே இருங்கள். கையை எடுக்காதீர்கள்.